பழவேற்காட்டிலிருந்து உயிர் காலேஜ் வரை

சென்னையில் இருப்பவர்களுக்கு வண்டலூர் போவது பெரிய விஷயமே இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு எங்கே போகலாம்?" என்று சோம்பல் முறித்து, பத்து மணிக்குக் கிளம்பினால்கூட மதியத்துக்குள் புலியைப் பார்த்துவிடலாம். அதே புலியைப் பழவேற்காட்டிலிருந்து போய்ப் பார்க்க வேண்டுமென்றால்? ஒரு வாரம் முன்பிருந்தே கணக்குப் போட வேண்டும். பணக் கணக்கு மட்டும் இல்லை. பாடு கணக்கு, நிலாக் கணக்கு, ரயில் கணக்கு, புலி தூங்கும் நேரக் கணக்கு... எல்லாம் உண்டு.

பழவேற்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ., பொன்னேரியைத் தாண்டிப் போனால் வருகிற மீனவர் ஊர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு நுனி மட்டும் தமிழ்நாட்டில். டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம்.

அங்கே கோட்டைக்குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏரியில் தொழில் பார்ப்பவர். அம்மா மீன் விற்பவர். அப்பாவின் அம்மா, அதாவது ஆயா, வீட்டில் ஓலைக்கூடை பின்னுகிறார். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு எட்டு வயது. அவனுக்குப் புலி பார்க்க வேண்டும்.

பறவை என்றால் அவனுக்கு அலுத்துவிட்டது! குளிர்காலத்தில் பூநாரைகள் ஏரியில் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க ஊர் ஊராகக் கார் எடுத்துக்கொண்டு, கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வாசலில் நின்றாலே கூழைக்கடா தெரிகிற பையனுக்கு அதில் என்ன அதிசயம்? புலிதான் அதிசயம். நியாயம்தானே.

"ஆயா, நீ புலி பாத்துருக்கியா?"

"பாத்துருக்கேன். உயிர் காலேஜுல."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'உயிர் காலேஜ்' என்பது பழைய மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர். எழும்பூர் மியூசியத்துக்குப் பெயர் 'செத்த காலேஜ்'. ஒன்றில் உயிரோடு இருக்கும், இன்னொன்றில் பஞ்சு அடைத்து வைத்திருக்கும். இதைவிடத் தெளிவாக யாரும் பெயர் வைக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மெட்ராஸ் மிருகக்காட்சி சாலை 1855-இல் தொடங்கியதே அந்த மியூசியம் வளாகத்தில்தான். மியூசியத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள மிருகங்களை வைத்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்டு, ஆற்காடு நவாபிடமிருந்து மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1860-களில் மிருகங்கள் அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பக்கத்திலேயே பிற்பாடு மூர் மார்க்கெட் வந்தது.

வடக்கே இருந்து வருகிறவர்களுக்கு இதைவிட வசதி இருக்க முடியுமா? கும்மிடிப்பூண்டிப் பக்கம், பொன்னேரிப் பக்கம், மீஞ்சூர்ப் பக்கம் யார் ரயில் ஏறினாலும் வந்து இறங்குவது சென்ட்ரல். இறங்கி நடந்தால் உயிர் காலேஜ். அதற்கும் முந்தின காலத்தில் பக்கிங்காம் கால்வாய் இருந்தது. பழவேற்காடு ஏரிக்குள்ளே நுழைந்து போகிற அதே கால்வாய் சென்ட்ரலுக்குப் பக்கத்திலும் ஓடியது. தண்ணீர் வழியாகவே பட்டணம் போய்ச் சேரலாம். சிங்கத்தைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பலாம். ஆயா சின்ன வயதில் பார்த்தது அப்படித்தான். தோளில் உட்கார்ந்துகொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் புலி.

பிறகு 1985 வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு விஷயம். மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்து போனது. ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் புதிய பூங்காவைத் திறந்து வைத்தார். பெயர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. காட்டில் இடம் ஒதுக்கி 1979-லேயே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அதன் பெயரே 'மூர் மார்க்கெட் வளாகம்'. பொன்னேரி ரயில் வந்து நிற்பது அங்கேதான். அதாவது, பழவேற்காட்டுக்காரர்கள் இன்றும் பழைய உயிர் காலேஜ் வாசலில்தான் வந்து இறங்குகிறார்கள். மிருகங்கள் மட்டும் இல்லை :-(

மாற்றியது தப்பு என்று சொல்லவே முடியாது. பட்டணத்து நடுவில், பஸ் ஹாரனுக்கும் புகைக்கும் நடுவில், கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்த மிருகங்களுக்கு வண்டலூரில் மரமும் மண்ணும் கிடைத்தன. மீட்பு மையத்தையும் சேர்த்தால் 602 ஹெக்டேர். கம்பிக்குப் பதில் அகழி. மிருகத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய நல்ல காரியம். ஆனால் பட்டணத்தின் தெற்கு ஓரத்துக்குப் போனதில் வடக்கு ஓரத்து ஊர்களுக்கு ஒரு அரை நாள் பறிபோனது. இதை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. பேசுகிற இடத்தில் பழவேற்காட்டுக்காரர்கள் எப்போது இருந்தார்கள்?

சரி, ரயில் கணக்குக்கு வருவோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். அங்கே மின்ரயில் பிடித்து மூர் மார்க்கெட் வளாகம், ஒரு மணி நேரத்துக்கு மேல். இறங்கி, சுரங்கப்பாதையில் நுழைந்து, சாலையின் அந்தப் பக்கம் இருக்கும் பார்க் ஸ்டேஷனுக்கு நடை. சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, ஆயாவின் முட்டி வலியோடு, இது கால் மணி நேரத்தில் முடியாது. பிறகு செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். இன்னொரு ஒரு மணி நேரம். இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் பூங்கா. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், போக மட்டும் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் தெரியாமல் ஏறிவிட்டால் அதற்கும் மேல்.

பூங்கா காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்து, நான்கு மணிக்கு வெளியே வந்தால்தான் பிள்ளைகள் தூங்கி விழுவதற்குள் ஊர் சேரலாம். ஆறரை மணி நேரம் கிடைக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் புலியின் கணக்கு வருகிறது. புலிக்கும் சிங்கத்துக்கும் சுறுசுறுப்பு காலை வெயில் ஏறும் வரை, பிறகு சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு. நடுவில் நிழலைத் தேடிப் படுத்துவிடும். பதினொன்றிலிருந்து மூன்று வரை பார்த்தால் புல்லுக்குள் ஒரு காது தெரியும். அவ்வளவுதான். ஆக, புலி நடக்கிற நேரத்தில் பழவேற்காட்டுக் குடும்பம் ரயிலில் இருக்கிறது, அவர்கள் பூங்காவில் இருக்கிற நேரத்தில் புலி தூங்குகிறது!

எந்த நாள் போவது என்பது அடுத்த தலைவலி.

செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை. (பண்டிகை நாட்களில் செவ்வாயிலும் திறப்பதுண்டு, ஆனால் அதை நம்பிக் கிளம்பக் கூடாது.) ஞாயிறு கூட்டம், போதாததற்கு ரயிலும் குறைவு. காணும் பொங்கல் நினைத்தே பார்க்கக் கூடாது. அன்று வருகிற கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி அனுப்புகிறார்கள். புலி பார்க்கப் போய்ப் புலி பார்க்கிறவர்களின் முதுகைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? திங்கள், புதன், வியாழன், வெள்ளி பள்ளிக்கூடம். மிச்சம் சனி.

சனிக்கிழமை பாடு வந்துவிட்டால்?

பாடு என்றால் தெரிய வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கழி ஊன்றிக் கட்டுகிற சுத்துவலைக்கு இன்ன இன்ன இடம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. எது யாருக்கு, எந்த நாளில் என்பது முறை வைத்து வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைக்கட்டு உள்ளவர்களுக்குத்தான் இந்த உரிமை. நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரட்டும் என்று பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் வந்து எழுதிக்கொண்டு போகிற அளவுக்கு அருமையான ஏற்பாடுதான். ஆனால் உல்லாசப் பயணம் போகிறவனுக்கு அதில் தனிப் பிரிவு கிடையாது. இறால் நன்றாக விழுகிற இடம் தன் முறைக்கு வந்திருக்கும் நாளில் வண்டலூருக்கு டிக்கெட் எடுப்பவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. விட்ட முறை, மறுபடி சுற்றி வருகிற வரை வராது.

நிலாக் கணக்கும் இதோடு சேர்ந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டம் வலுவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரை நிலா நாட்களில் ஓட்டம் தளர்ந்துவிடும். ஓட்டத்தை நம்பி நிற்கிற வலைக்கும் அன்று வேலை குறைவு. அதனால் நஷ்டம் குறைந்த நாள் என்று பார்த்தால் அரை நிலா நாள்தான் சரி. நல்லது, அன்று என்ன திதி? அட்டமி!

"அட்டமி நவமில யாராவது பயணம் கெளம்புவாங்களா?" என்று ஆயா கேட்டால் அதற்கு எந்தக் கணக்கிலும் பதில் இல்லை.

கோடையில் போகலாமே, மீன்பிடித் தடைக்காலம்தானே என்று பட்டணத்து நண்பர்கள் யோசனை சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை (2017-க்கு முன்பு 45 நாள்தான்) விசைப்படகுகளுக்கு. ஏரியில் சின்னப் படகில் தொழில் செய்கிறவர்களுக்கு அது ஓய்வுக் காலம் இல்லை. பெரிய படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறியிருக்கும், நாலு காசு பார்க்கிற சமயமே அதுதான். போதாததற்கு மே மாத வெயிலில் வண்டலூரில் நடந்தால் புலிக்கு முன்பு ஆயா படுத்துவிடுவார். மழைக்காலம் இன்னும் மோசம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பல வாரங்கள் மூடிக் கிடந்தது. கொரோனா காலத்திலும் அப்படித்தான், விட்டு விட்டு மூடினார்கள். 2021 ஜூனில் சிங்கங்களுக்கே தொற்று வந்து இரண்டு சிங்கங்கள் செத்துப் போயின. ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள், பூங்கா திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது எப்போதும் நல்லது. நான்கு மணி நேரம் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஜனவரி கடைசி, பிப்ரவரி. அதுதான் நல்ல நேரம். குளிர் முழுதும் போயிருக்காது, மழை முடிந்திருக்கும், பொங்கல் கூட்டமும் கலைந்திருக்கும்.

காசிமேட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்த் தங்கிவிட்டால் காலையில் இரண்டு மணி நேரம் மிச்சம் என்று அம்மா ஒரு யோசனை சொல்வார். நல்ல யோசனை. ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்குக் கை வீசிக்கொண்டு போக முடியுமா? இறாலோ நண்டோ வேண்டும். போனால் உடனே விடுவார்களா? சனி போய், ஞாயிறும் போய்விடும். அப்புறம் அது ஒரு நாள் பயணம் இல்லை, இன்னொரு கல்யாணம்.

இங்கேதான் வெளிவட்டச் சாலை உதவிக்கு வருகிறது. வரைபடத்தில் இதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சென்னைக்கு வெளியே வளைந்து போகிற, சுமார் 62 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலையின் ஒரு முனை மீஞ்சூர், மறுமுனை வண்டலூர். யாரோ பழவேற்காட்டுப் பையன் ஒருவன் அதிகாரியாகிப் புலி பார்க்கப் போட்டதுபோல இருக்கிறது! உண்மையில் லாரிகளுக்காகப் போட்டது. வண்டலூர்ப் பக்கப் பாதி 2014-லும், மீஞ்சூர்ப் பக்கப் பாதி 2021-லும் போக்குவரத்துக்குத் திறந்தன. பொன்னேரி வழியாக வந்து மீஞ்சூரில் இதைப் பிடித்துவிட்டால், பட்டணத்துக்குள் நுழையாமலேயே இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வண்டலூர். 1985-இல் போன அரை நாளில் பாதியாவது முப்பத்தாறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

ஆனால் அதற்கு வேன் வேண்டும். ஒரு வீட்டுக்கு வேன் கட்டுப்படியாகாது. நுழைவுக் கட்டணமே 2023-இல் பெரியவருக்கு 115 ரூபாயிலிருந்து 200 ஆகிவிட்டது. மூன்று பெரியவர்களுக்கு 600 போனால், உள்ளே பேட்டரி வண்டி, பிள்ளைகள் கேட்கிற ஐஸ், எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் நான்கு வீடு சேர வேண்டும். நான்கு வீடு சேர வேண்டுமென்றால் நான்கு வீட்டுக்கும் பாடு இல்லாத சனிக்கிழமை வேண்டும். முதல் வீட்டுக்குச் சரியாக வந்தால் மூன்றாம் வீட்டுக்கு முறை. மூன்றாம் வீட்டுக்குச் சரி என்றால் நான்காம் வீட்டில் சடங்கு. மூன்று சனிக்கிழமை தள்ளிப் போய், கடைசியில் ஒரு நாள் நான்கும் பொருந்தி வரும். அன்று என்ன திதி என்று ஆயாவிடம் யாரும் கேட்காமல் இருந்துவிட வேண்டும்.

இந்த அளவுக்குக்கூடக் கணக்குப் போட முடியாதவர்களும் ஏரிக்கரையில் இருக்கிறார்கள். இருளர் குடும்பங்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். அன்று இறங்கினால்தான் அன்றைக்குக் காசு. அந்த வீட்டுப் பிள்ளைகள் புலி பார்ப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனால்தான்.

வேனில் என்ன எடுத்துப் போவது என்பதில் மட்டும் பழவேற்காட்டுக்காரர்களுக்குச் சிக்கலே கிடையாது. வண்டலூரில் பிளாஸ்டிக் பை கூடாது. பட்டணத்துக் குடும்பங்கள் வாசலில் நின்று, கவரிலிருந்து எதை எங்கே மாற்றுவது என்று திண்டாடும். ஆயா பின்னிய ஓலைக்கூடை எதற்கு இருக்கிறது? எவர்சில்வர் டப்பாவில் புளிச்சோறு, தொட்டுக்கொள்ள இறால் தொக்கு. குரங்கு கண்ணில் மட்டும் படக் கூடாது. வண்டலூர்க் காட்டுக் குரங்குகளுக்குக் கூண்டும் கிடையாது, கூச்சமும் கிடையாது.

ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வாசலில் நிற்கலாம். கதவு திறந்ததும் வேறு எங்கும் நிற்காமல் நேரே புலி. அதிலும் வெள்ளைப்புலியை முதலில் பார்த்துவிட வேண்டும். (அது தனி இனம் இல்லை, வங்கப் புலிக்கே மரபணுவால் வருகிற நிறம்தான் என்பதைப் பையனிடம் அங்கே வைத்துச் சொல்ல வேண்டாம். ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம்.) பிறகு சிங்கம். வெயில் ஏறின பிறகு நீர்யானை, முதலை, ஒட்டகச்சிவிங்கி. அவை எங்கேயும் ஓடிவிடாது. சாப்பாட்டுக்குப் பிறகு மரநிழலில் பெரியவர்கள் சாய்ந்துகொள்ள, ஐந்து மணி வரை வேன் காத்திருக்கும் என்பதால், வெயில் இறங்கியதும் இன்னொரு முறை புலி. ரயிலில் போனால் இந்த இரண்டாவது புலி கிடையாது. வேனுக்குக் கொடுக்கிற காசு முழுவதும் அதற்குத்தான்.

ஓட்டேரி ஏரியைக் கடைசியில் வைத்துக்கொண்டால் போதும். பூங்காவுக்குள்ளேயே இருக்கிற ஏரி. குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் தானாக வந்து இறங்குகின்றன. பட்டணத்துப் பிள்ளைகள் வேலியோரம் நின்று "அது என்ன பறவை, இது என்ன பறவை" என்று கேட்டுக்கொண்டிருக்கும். பழவேற்காட்டுப் பையனுக்கு அங்கே அறிவிப்புப் பலகை வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்றுதான் மிச்சம். வேன் என்றதும் ஆயா முகம் வாடிவிட்டது.

"மூர் மார்க்கெட்டு வழியா போவுமா?"

"இல்லம்மா. ஊருக்கு வெளியாலயே போயிடும். அங்க இன்னா இருக்குது இப்போ, ரயிலுதான் நிக்குது."

"ரயிலு நின்னா இன்னா. எறங்கி ஒரு தபா பாத்துட்டுப் போலாமில்ல."

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் பையன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, புலி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டான். கம்பி இல்லையாம், பெரிய பள்ளமாம், அந்தப் பக்கம் தூரத்தில் நிற்குமாம் என்று அவனே சொன்னான்.

"அவ்ளோ தூரத்துல இருந்தா எனக்கு எங்கடா தெரியும்?" என்றார் ஆயா.

வருகிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது உடைந்து, நூல் சுற்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பொன்னேரியில் கொடுத்துச் சரி செய்து வாங்கி வர வேண்டும்.